இளையோர் விடு தூது

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் தூதிற்குத் தனியிடம் உண்டு. அன்னமும் கிளியும் மேகமும் நெஞ்சும் தூது போயின. பிற்காலத்தில் தமிழே தூது போயிற்று. நெல்லும் பணமும் புகையிலையுங்கூடத் தூது போயின. இவை பெரும்பாலும் காதலின் பொருட்டு எழுந்தவை. அரசியலின் பொருட்டு எழுந்த தூது வேறு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஒளவையார் சென்ற தூது அவ்வகையது. திருக்குறளின் பொருட்பால் தூதிற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிற்று. அதற்கு உரை கண்ட பரிமேலழகர் தூதரை இரு வகையினராகப் பகுப்பார். சொல்ல வேண்டியதைத் தாமே வகுத்துரைக்க வல்லவர் ஒரு வகையினர். தம்மிடம் சொல்லப்பட்டதை மாற்றாமற் கொண்டு சேர்ப்பவர் மற்றொரு வகையினர்.

இப்பாகுபாடு முடியரசுகளோடு முடிந்துபோன ஒன்றன்று. மக்களாட்சி நடைபெறும் நாடுகளிலும் தூதர்கள் உளர். அவர்கள் அரண்மனை வாயிலில் நிற்பதில்லை. நாடாளுமன்றக் குழுக்களின் அறைவாயிலில் நிற்கின்றனர். அத்தகையோருள் அதிகம் பேசப்படாத ஒரு சாரார் ஐரோப்பாவின் இளைஞர் பரிமாற்ற அமைப்பினர். பதினாறு, பதினேழு வயது மாணவர் ஒருவர் தம் நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியிலேயே ஓராண்டு பயின்று திரும்புவதற்கு ஏற்பாடு செய்வது இவ்வமைப்புகளின் பணி. அப்பணிக்காக அரசுகளிடமும் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் இவை எவ்வாறு வாதாடுகின்றன, எதில் வென்றன, எதில் பாதி வழியில் நின்றன என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

போரிற் பிறந்த பயணம்

இப்பயணங்களின் வேர் போர்க்களத்தில் உள்ளது. முதல் உலகப் போர் முடிந்தபின் 1920ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரசோல் என்னும் பொறியாளர், பிரான்சின் வெர்துன் அருகே அழிந்து கிடந்த எஸ்ன் என்னும் சிற்றூரைச் சீரமைக்கப் பல நாட்டுத் தொண்டர்களைத் திரட்டினார். நேற்றுவரை எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் நின்ற நாட்டினர் ஒரே மண்ணில் மண்வெட்டி பிடித்தனர். அம்முயற்சியே பன்னாட்டுக் குடிமைப் பணி என்னும் இயக்கமாக வளர்ந்தது. 1934ஆம் ஆண்டு பீகாரில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அதே செரசோல் இந்தியாவுக்கு வந்து, வீடிழந்தோர்க்கு ஊர்களை மீளக் கட்டும் பணியில் ஈடுபட்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஏ.எஃப்.எஸ். என்று இன்று அறியப்படும் அமைப்பு 1915இல் பிரான்சில் காயமுற்ற வீரர்களை ஏற்றிச் செல்லும் அமெரிக்கத் தொண்டர்களின் ஊர்திப் படையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், காயத்துக்குக் கட்டுப் போடுவதோடு நில்லாமல் காயமே ஏற்படாத வழியைத் தேட வேண்டும் என்று அதன் ஓட்டுநர்கள் எண்ணினர். 1947இல் பள்ளி மாணவர் பரிமாற்றம் அதன் பணியாயிற்று. 1951இல் ஜெர்மானிய இளைஞர் சிலர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் குடும்பங்களில் தங்கிப் பயிலச் சென்றனர், ஒய்.எஃப்.யூ. என்னும் மற்றோர் அமைப்பு இதிலிருந்து தோன்றிற்று.

பகைவராயிருந்த அரசுகளே இவ்வழியைப் பின்பற்றியதும் உண்டு. 1963 ஜனவரி 22ஆம் நாள் பிரான்சின் தெகோலும் மேற்கு ஜெர்மனியின் அடினாவரும் எலிசே உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அவ்வாண்டே இரு நாடுகளுக்கும் பொதுவான இளைஞர் அலுவலகம் ஒன்று நிறுவப்பெற்றது. அன்று முதல் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியே எல்லை கடந்துள்ளனர்.

தொடக்கத்தில் இவ்வியக்கத்தினர் அரசிடம் எதையும் கேட்டுக்கொண்டு புறப்பட்டவர்களல்லர். ஆனால் எல்லை என்பது அரசின் பொருள். நுழைவுச் சீட்டு அரசின் பொருள். பள்ளிச் சான்றிதழும் அரசின் பொருளே. ஒரு வீட்டார் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் நாட்டின் கதவு மூடியிருந்தால் விருந்தினர் வாரார். ஆகவே, தொண்டு செய்யப் புறப்பட்டவர்கள் தூது செல்லவும் கற்க வேண்டியதாயிற்று.

கூடத்தில் நிற்போர்

லாபி என்னும் ஆங்கிலச் சொல் முதலில் ஒரு கட்டடத்தின் முன்கூடத்தைக் குறித்தது. மன்றத்தினுள் அமர உரிமையில்லாத குடிமக்கள் உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசும் இடம் அது. பின்னர் அவ்விடத்தின் பெயர் அவ்விடத்தில் நிகழும் செயலுக்கு ஆகிவந்தது. இலக்கணம் இதனை இடவாகுபெயர் என்னும். தமிழ் நாளிதழ்களில் இச்சொல் படும் இடங்களை நோக்கினால், திரைமறைவு, பேரம், பணம் என்னும் வாடைகள் அதனைச் சூழ்ந்திருத்தல் புலனாகும். புகையிலை நிறுவனமும் மருந்து நிறுவனமும் செய்வது லாபி என்றால், மாணவர்களை அனுப்பும் தொண்டு நிறுவனம் செய்வதும் லாபிதானா என்னும் வினா எழும்.

ஆம் என்பதே நேர்மையான விடை. பிரசல்ஸ் நகரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனங்களிடம் கருத்து வலியுறுத்துவோர்க்கென 2011இல் பொதுவான வெளிப்படைத்தன்மைப் பதிவேடு ஒன்று தொடங்கப்பெற்றது. பெருநிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் ஒரே பதிவேட்டில் இடம்பெறுகின்றன. யார், எதற்காக, எவ்வளவு செலவில் பேசுகிறார் என்பதை அது ஊரறியச் செய்கிறது. வேறுபாடு செயலில் இல்லை; யாருக்காகப் பேசப்படுகிறது என்பதிலும், பேசியதை வெளியிடத் துணிவு உண்டா என்பதிலும் உள்ளது.

இந்தத் தூதின் பாட்டுடைத் தலைவர் பதினாறு வயதினர். பெரும்பாலான நாடுகளில் அவருக்கு வாக்குரிமை இல்லை. எல்லை கடந்து சென்றபின் அவர் அயலாரும் ஆகிவிடுகிறார். அவரைக் கவனிப்பதால் எந்த அரசியல்வாதிக்கும் ஒரு வாக்குக்கூட மிகாது. ஆனால் அவரை ஏற்று உணவும் படுக்கையும் தரும் குடும்பத்துக்கு வாக்கு உண்டு. அவர் பயிலும் பள்ளியின் தலைமையாசிரியருக்கு உண்டு. திரும்பி வந்து வளர்ந்து நிற்கும் முன்னாள் மாணவருக்கு உண்டு. தேர்ந்த பரிமாற்ற அமைப்பு இதனை நன்கு அறியும். அமைச்சரைக் காணச் செல்லும்போது அமைப்பின் செயலாளர் மட்டும் சென்றால் அது ஒரு மனு. விருந்தோம்பிய குடும்பத்துத் தாயும் உடன் சென்றால் அது தொகுதியின் குரல்.

நாட்டளவில்

கல்வி பற்றிய சட்டங்களை இயற்றும் உரிமை ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றின் கையிலும் உள்ளது. ஆதலின் தூதின் முதற்படி உள்நாட்டிலேயே அமைகிறது.

ஜெர்மனியில் கல்வி நடுவண் அரசின் பொறுப்பன்று. 16 மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே பள்ளி தொடர்பான ஒரு கோரிக்கைக்கு 16 தலைநகரங்களின் கதவுகளைத் தட்ட வேண்டியுள்ளது. நுழைவுச் சீட்டுத் தொடர்பான கோரிக்கைக்கோ பெர்லின் செல்ல வேண்டியுள்ளது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளிக் காலத்தை ஒன்பதாண்டிலிருந்து எட்டாண்டாகக் குறைத்தன. அயல்நாட்டில் ஓராண்டு பயிலும் வழக்கத்துக்கு அது பெரும் இடராயிற்று. முன்பு பதினோராம் வகுப்பு அதற்கு வசதியான காலமாக இருந்தது. ஓராண்டைக் குறைத்ததும் அந்த இடைவெளி மறைந்தது. மாணவர்கள் போகத் தயங்கினர், அல்லது மிக இளவயதிற் சென்றனர். சட்டத்தில் எந்த வரியும் அயல்நாட்டுப் பயணத்தைத் தடுக்கவில்லை. வேறொரு நோக்கத்துக்காகச் செய்த மாற்றம் தானாகவே அதனை நெருக்கிற்று. பின்னர்ப் பல மாநிலங்கள் ஒன்பதாண்டு முறைக்குத் திரும்பின. தமக்குத் தொடர்பில்லாதது போலத் தோன்றும் சட்டத்திலும் தம் மாணவரின் ஓராண்டு அடங்கியிருக்கும் என்பதை அமைப்புகள் இதனாற் கற்றன.

அதே ஜெர்மனியில் அழகிய முன்மாதிரி ஒன்றும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றமும் ஜெர்மானிய நாடாளுமன்றமும் இணைந்து 1983இல் ஒரு மாணவர் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கின. ஜெர்மானியர் முதன்முதல் அமெரிக்காவில் குடியேறி முந்நூறாண்டு நிறைந்ததன் நினைவாக அது தோன்றிற்று. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தம் தொகுதியிலிருந்து செல்லும் மாணவருக்குப் புரவலராக நிற்பது அதன் மரபு. திட்டத்தை நடத்துவோர் பரிமாற்ற அமைப்பினர். உறுப்பினரைத் தேடிச் சென்று இளைஞர் பரிமாற்றத்தின் பயனை விளக்கும் தேவை இங்கே குறைந்துவிடுகிறது. அவரே ஒரு மாணவரை அனுப்பி, கடிதம் பெற்று, திரும்பியபின் அவரைச் சந்திக்கிறார். புரவலரும் புலவரும் நேரிற் கண்டு பழகிய சங்க காலத்தை இது நினைவூட்டும்.

இத்தாலியின் நிலை வேறு. அங்கே இன்டர்குல்தூரா என்னும் அமைப்பு 1955 முதல் இப்பணியில் உள்ளது. அயல்நாட்டில் ஓராண்டு பயின்று திரும்பிய மாணவரை எந்த வகுப்பில் அமர்த்துவது என்பதே அங்கே நெடுங்காலச் சிக்கல். ஒரு பள்ளி அடுத்த வகுப்புக்கு அனுப்பும். மற்றொன்று விட்ட பாடம் அனைத்திலும் தேர்வு வைக்கும். 1997, 1999ஆம் ஆண்டுகளில் வந்த அமைச்சகச் சுற்றறிக்கைகளைத் தொடர்ந்து, 2013 ஏப்ரல் 10ஆம் நாள் கல்வி அமைச்சகம் விரிவான நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. அயல்நாட்டுப் படிப்பு பள்ளிக் கல்வியின் ஒரு பகுதியே என்பதை அது ஏற்றது. விட்ட பாடங்களை வரி வரியாகத் தேடிப் பார்ப்பதை விடுத்து, மாணவர் பெற்றுவந்த திறன்களை மதிப்பிடுமாறு பள்ளிகளை அறிவுறுத்தியது. முதற் சுற்றறிக்கையிலிருந்து இந்நெறிமுறைக்குச் செல்லப் பதினாறு ஆண்டுகள் ஆயின. அயல்நாடு சென்றுவந்த மாணவர் ஒருவர் தம் மகளை அனுப்பும் வயதை நெருங்கும் கால அளவு அது.

ஐரோப்பிய அளவில்

நாடுகள் தோறும் இவ்வாறு தனித்தனியே போராடியோர் ஒன்றுகூட வேண்டிய தேவை உணரப்பட்டது. ஏ.எஃப்.எஸ். மரபில் வந்த ஐரோப்பிய அமைப்புகள் 1971இல் ஒரு கூட்டமைப்பை நிறுவின. பண்பாடுகளிடைக் கற்றலுக்கான ஐரோப்பியக் கூட்டமைப்பு என்பது அதன் பெயர். அதன் அலுவலகம் பிரசல்சில் உள்ளது. ஒய்.எஃப்.யூ. அமைப்புகளும் தமக்கெனக் கூட்டமைப்பு கண்டன. இவையனைத்துக்கும் மேலாக, வெவ்வேறு காலங்களில் தோன்றிய இளைஞர் பேரமைப்புகள் இணைந்து 1996இல் ஐரோப்பிய இளைஞர் மன்றமாயின.

இவை பேசச் செல்லும் அவைகள் இரண்டு. ஒன்று ஸ்திராஸ்பூர்க் நகரில் உள்ள ஐரோப்பிய அவை. மற்றொன்று ஐரோப்பிய ஒன்றியம். பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை. முன்னதன் இளைஞர் துறையில் 1972 முதல் ஒரு புதுமை நிலவுகிறது. 1968ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சிக்குப் பின் தோன்றிய புதுமை அது. அரசு அலுவலர்களும் இளைஞர் அமைப்புகளின் சார்பாளர்களும் ஒரே மேசையில் சமமாக அமர்ந்து, அத்துறையின் பணித்திட்டத்தையும் நிதி முன்னுரிமையையும் முடிவு செய்கின்றனர். இளைஞர் தரப்பு அறிவுரைக் குழுவில் 30 உறுப்பினர் உளர். கூடத்தில் காத்திருந்தோர்க்கு உள்ளே நாற்காலி கிடைத்த இடம் இதுவெனலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இயல்பு வேறு. 1992இல் கையெழுத்தான மாஸ்திரிக்ட் உடன்படிக்கை இளைஞர் பரிமாற்றத்தை ஊக்குவிப்பதை ஒன்றியத்தின் பணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இன்று ஒன்றியத்தின் செயற்பாட்டு உடன்படிக்கையில் 165ஆம் உறுப்பு அதனைக் கூறுகிறது. ஆனால் அதே உறுப்பு, நாடுகளின் கல்விச் சட்டங்களை ஒன்றாக்க ஒன்றியத்துக்கு உரிமையில்லை என்றும் வரையறுக்கிறது. எனவே சான்றிதழ், வகுப்பு, தேர்வு ஆகியவற்றில் ஒன்றியம் பரிந்துரைக்க மட்டுமே முடியும்; நுழைவுச் சீட்டு, தங்கும் உரிமை ஆகியவற்றில் கட்டளை பிறப்பிக்க முடியும்; நிதியில் தானே வழங்க முடியும். கட்டளையும் நிதியும் கேட்க வேண்டிய இடம் பிரசல்ஸ். பரிந்துரைக்கு உயிர் கொடுக்க வேண்டிய இடம் உள்நாட்டுத் தலைநகரம். பரிமேலழகரின் இருவகைத் தூதரும் இங்கே தேவைப்படுகின்றனர். பிரசல்சில் நிற்போர் பல நாட்டு வேண்டுகோள்களையும் ஒன்றாக வகுத்துரைக்கின்றனர். உள்நாட்டில் நிற்போர் அங்கே சொல்லப்பட்டதை மாற்றாமற் கொண்டுவந்து சேர்க்கின்றனர்.

கணக்கில் வராத ஆண்டு

சோபியா கொராதி என்னும் இத்தாலியப் பெண்மணி சட்டம் பயின்றவர். உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று முதுநிலைப் பட்டத்தோடு 1958இல் நாடு திரும்பினார். உரோம் பல்கலைக்கழகம் அப்படிப்பை ஏற்க மறுத்தது. அவமதிப்போடு தொடங்கிய அந்த ஆண்டு அவரது வாழ்நாட் பணியைத் தீர்மானித்தது. 1969 முதல் அவர் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கும் அமைச்சகத்துக்கும் எழுதி வந்தார். எராஸ்மஸ் அன்னை என்று ஐரோப்பா அழைத்த அவர் 2025இல் தம் 91ஆம் வயதில் மறைந்தார்.

எராஸ்மஸ் திட்டம் எளிதிற் பிறந்ததன்று. ஏற்கெனவே பரிமாற்றத் திட்டங்கள் வைத்திருந்த பெரிய நாடுகள் அதற்குத் தயங்கின. போதிய நிதி ஒதுக்கப்படாமையைக் கண்டித்து ஐரோப்பிய ஆணையம் 1987இன் தொடக்கத்தில் தன் முன்மொழிவையே திரும்பப் பெற்றது. 1985இல் பாரிசில் பிராங்க் பியாங்கெரி முதலிய மாணவர்கள் தொடங்கியிருந்த ஏகே என்னும் அமைப்பு, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தெரானிடம் நேரில் வாதாடியது. 1987 ஜூனில் திட்டம் ஏற்கப்பட்டது. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் சென்றனர்.

பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைத்தது பள்ளி மாணவருக்குக் கிடைக்கவில்லை. 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை உயர்கல்வித் தகுதிகளை ஒரு நாடு மற்றொரு நாட்டில் ஏற்பதற்கு வழிசெய்தது. ஆனால் பள்ளிப் பருவத்தில் அயல்நாட்டிற் கழித்த ஓராண்டு அதன் வரம்புக்குள் வரவில்லை. பரிமாற்ற அமைப்புகள் இருபதாண்டுகள் இந்த இடைவெளியைச் சுட்டிவந்தன. 2018 நவம்பர் 26ஆம் நாள் ஒன்றியத்தின் அமைச்சரவை ஒரு பரிந்துரையை ஏற்றது. அயல்நாட்டு உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டு வரை கற்றதை, பெற்ற திறன்கள் சொந்த நாட்டுப் பாடத்திட்டத்தோடு பெரும்பாலும் ஒத்திருப்பின், சொந்த நாடு ஏற்பதற்கான வழிகளை 2025ஆம் ஆண்டுக்குள் செய்ய முயல வேண்டும் என்பது அதன் சாரம். பரிந்துரைக்குத் தண்டனை கிடையாது. மீறியவரை நீதிமன்றம் அழைக்காது. எனினும் ஒரு தாய் பள்ளித் தலைமையாசிரியர் முன் விரித்துக் காட்டத்தக்க தாள் அது.

நிதியைப் பற்றிய வாதம் இன்னும் கூர்மையானது. 2011இல் ஆணையம் கல்வி, பயிற்சி, இளைஞர் திட்டங்கள் அனைத்தையும் ஒரே திட்டமாக்க முன்வந்தபோது, இளைஞர் பணிக்குரிய தனிப்பகுதி கரைந்துவிடும் என்று இளைஞர் அமைப்புகள் அஞ்சின. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் துணையோடு அவை வாதாடின. 2014 முதல் 2020 வரைக்கான சட்டத்தில் இளைஞர் பகுதி தனியே நின்றது. மொத்தம் ஏறத்தாழ 1,470 கோடி யூரோவில் 10 விழுக்காடு அதற்கென எழுதப்பட்டது. 2017இல் அடுத்த கட்டத்துக்கு நிதியைப் பத்து மடங்காக்க வேண்டும் என்று இளைஞர் மன்றமும் அதன் தோழமை அமைப்புகளும் கேட்டன. 2021 முதல் 2027 வரைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2,600 கோடி யூரோ. பத்து மடங்கன்று, இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. கேட்டதில் சிறு பகுதியே கிடைத்தது என்று கூறுவோரும் உண்டு. பத்து என்று கேட்டிராவிட்டால் இரண்டும் வந்திராது என்பது அமைப்பினரின் விடை. 2028 முதல் ஏழாண்டுகளுக்கு 4,080 கோடி யூரோ என்னும் முன்மொழிவை ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்டது.

பெற்றது நிலைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2014 பிப்ரவரியில் குடிவரவைக் கட்டுப்படுத்தச் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்களித்ததைத் தொடர்ந்து அந்நாடு எராஸ்மஸ் திட்டத்தில் தன் இடத்தை இழந்தது. பிரிட்டன் 2020 முடிவில் அத்திட்டத்தை விட்டு நீங்கியது. 2021 அக்டோபர் முதல் ஐரோப்பிய அடையாள அட்டையோடு நுழைவதைப் பிரிட்டன் நிறுத்தியபின், கடவுச்சீட்டு இல்லாத மாணவர்கள் தம் வகுப்போடு லண்டன் செல்ல இயலாமற் போயிற்று. பள்ளிகள் வேறு நாடுகளை நாடின. பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்களுக்கு மட்டும் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்த 2023இல் இரு அரசுகளும் உடன்பட்டன. 2027இல் எராஸ்மஸ் திட்டத்தில் மீண்டும் சேர்வதாக 2025 டிசம்பரில் பிரிட்டன் அறிவித்தது. ஓர் அரசு தன் முடிவை மாற்றிக்கொள்ள ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம். பதினாறு வயதினர்க்கு அந்த ஆறு ஆண்டுகள் திரும்பி வாரா.

ஒரு வினைமுற்றின் எடை

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் விரிவாகக் கூறத்தக்க செய்தி ஒன்று உண்டு. அது ஒரு வினைமுற்றைப் பற்றியது.

ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளிலிருந்து வரும் மாணவர்களைப் பற்றி 2004 டிசம்பர் 13ஆம் நாள் ஒன்றியம் ஒரு நெறியாணையை இயற்றியது. பல்கலைக்கழக மாணவர்களைப் பொறுத்தவரை, விதித்த தகுதிகள் நிறைந்தோரை நாடுகள் ஏற்க வேண்டும் என்பது அதன் நிலை. பள்ளிப் பரிமாற்ற மாணவர், ஊதியமில்லாப் பயிற்சியாளர், தொண்டர் ஆகியோரைப் பொறுத்தவரை, விரும்பும் நாடுகள் இவ்விதிகளைப் பின்பற்றலாம் என்றது. முன்னது ‘வேண்டும்’, பின்னது ‘லாம்’.

தமிழில் ‘லாம்’ என்பது ஓர் ஈறு. அது இசைவைக் குறிக்கும், கடமையைக் குறிக்காது. அந்த ஈற்றின் விளைவாக ஒவ்வொரு நாடும் தன் வழியே சென்றது. பத்து மாதப் பள்ளிப் படிப்புக்கு வரும் ஒருவரை எந்தப் பிரிவில் அடக்குவது என்பதிலேயே தெளிவில்லை. அவர் சுற்றுலாப் பயணி அல்லர்; மூன்று மாதத்தில் திரும்ப மாட்டார். வேலை தேடி வந்தவரும் அல்லர். குடும்பத்தோடு சேர வந்தவரும் அல்லர். அவர் தங்கப்போகும் குடும்பம் அவரது இரத்த உறவன்று. விருந்தோம்பல் என்னும் உறவுக்குக் குடிவரவு அலுவலகத்தின் படிவத்திற் கட்டம் இல்லை.

2013 மார்ச்சில் ஆணையம் புதிய முன்மொழிவைக் கொண்டுவந்தது. அதில் பள்ளிப் பரிமாற்ற மாணவர்க்கான விதிகளும் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துவனவாக அமைந்திருந்தன. பரிமாற்ற அமைப்புகள் நெடுநாள் கேட்டது இதுவே. நாடாளுமன்றம் முன்மொழிவைப் பெரிதும் ஆதரித்தது. ஆனால் உறுப்பு நாடுகளின் அரசுகள் தம் எல்லைகள் மீதுள்ள உரிமையை விட்டுத்தரத் தயங்கின. மூன்றாண்டுப் பேச்சுக்குப் பின் 2016 மே 11ஆம் நாள் புதிய நெறியாணை பிறந்தது. ஆய்வாளர்க்கும் பல்கலைக்கழக மாணவர்க்கும் ‘வேண்டும்’. பயிற்சியாளர்க்கும், ஒன்றியத்தின் சொந்தத் தொண்டர் திட்டத்தில் வருவோர்க்கும் புதிதாக ‘வேண்டும்’. பள்ளிப் பரிமாற்ற மாணவர்க்கும் பிற தொண்டர்க்கும் மீண்டும் ‘லாம்’.

யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை உற்று நோக்கினால் உண்மை ஒன்று விளங்கும். ஆய்வாளரும் பயிற்சியாளரும் பொருளாதாரத்துக்கு உதவுவர் என்று வாதிட முடிந்தது. ஒன்றியத்தின் தொண்டர்களை மறுப்பது ஒன்றியம் தன்னையே மறுப்பதாகும். பதினாறு வயது மாணவர் உடனே தரக்கூடிய வருவாய் எதுவும் இல்லை. அவர் தருவது வேறொன்று. முப்பதாண்டு கழித்து ஒரு வாக்காளராக, ஆசிரியராக, அலுவலராக அவர் அயலாரைப் பற்றி எவ்வாறு நினைப்பார் என்பது. நிதிநிலை அறிக்கையில் அதற்கு வரி இல்லை.

இந்திய மாணவர் ஒருவருக்கும் இது பொருந்தும். ஐரோப்பிய நாடொன்றில் பள்ளி ஆண்டு ஒன்றைக் கழிக்க விரும்பும் அவருக்கு, அந்நாடு ‘லாம்’ என்னும் இசைவைப் பயன்படுத்திக்கொண்டதா இல்லையா என்பதே வழியைத் தீர்மானிக்கிறது.

தூதருக்கும் சோதனை

தூது சொல்வோரையும் ஆராய்தல் வேண்டும். பரிமாற்ற அமைப்புகள் தம் வாழ்வுக்கு மாணவர் செலுத்தும் கட்டணத்தை நம்பியுள்ளன. அயல்நாட்டு ஓராண்டு என்பது நடுத்தரக் குடும்பத்துக்கும் பெருஞ்செலவு. உதவித்தொகை இருப்பினும், செல்வோருள் படித்த, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே மிகுதி என்னும் குற்றச்சாட்டு இவ்வமைப்புகளைத் தொடர்ந்து வருகிறது. அதில் உண்மை உண்டு. மானியம் கேட்டு மன்றம் ஏறும் அமைப்பு, இளைஞருக்காகப் பேசுகிறதா, தன் அலுவலகத்துக்காகப் பேசுகிறதா என்று கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு.

இதற்கு ஓர் உரைகல் உண்டு. அமைப்பு கேட்பது தான் அனுப்பும் மாணவருக்கு மட்டும் பயன்படுமா, யார் அனுப்பினாலும் எந்த மாணவருக்கும் பயன்படுமா என்று பார்த்தால் போதும். ஓராண்டுப் படிப்பை ஏற்கும் விதி, அமைப்பின் துணையின்றித் தானே சென்ற ஏழை மாணவருக்கும் பயன்படும். நுழைவுச் சீட்டு விதி போட்டி அமைப்பின் மாணவருக்கும் பயன்படும். இன்டர்குல்தூரா உதவியோடு சென்றாரா, உறவினர் உதவியோடு சென்றாரா என்று 2013ஆம் ஆண்டு நெறிமுறை கேட்பதில்லை. இவ்வமைப்புகளின் வெற்றிகளுள் பெருமைக்குரியவை இத்தகையனவே. நிதி கேட்கும் வாதங்களில் இத்தூய்மை எப்போதும் இருந்தது என்று கூற இயலாது.

மற்றொரு சோதனை இளைஞரையே தூதராக்குவது. தம் கதையைச் சொல்ல ஒரு மாணவரை மன்றத்துக்கு அழைத்து வருதல் எளிது. அவர் சொல்லும் கதை அமைப்புக்குச் சாதகமாக மட்டும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தலும் எளிது. விருந்தோம்பிய வீட்டில் மனம் ஒட்டாதவர், மொழி புரியாமல் ஓரத்தில் அமர்ந்தவர், பாதியிலேயே திரும்பியவர் ஆகியோரின் சொல்லும் அங்கே ஒலிக்க இடம் உண்டாயின், அத்தூது நம்பத்தக்கதாகும். சொல்லப்பட்டதை மாற்றாமற் கொண்டு சேர்க்கும் தூதரின் கடமை இவ்விடத்தில்தான் கடினமாகிறது.

நிறைவாக

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, எல்லை கடந்த நட்பு நல்லெண்ணத்தால் தொடங்கினும் சட்டத்தின் சொற்களாலேயே நிலைபெறும். இரண்டாவது, ஒன்றியத்திடம் பெற்றது உள்நாட்டிற் செயலாகாவிடின் தாளில் நிற்கும். உள்நாட்டில் பெற்றது ஒன்றியத்தின் துணையின்றி எல்லையோடு நிற்கும். மூன்றாவது, இத்தூதில் முழு வெற்றி அரிது. கேட்டதில் ஒரு பகுதி வரும், எஞ்சியதைக் கேட்க அடுத்த தலைமுறையினர் வருவர்.

பள்ளிப் பரிமாற்ற மாணவரைப் பற்றிய அந்தச் சொல் இன்றும் ‘லாம்’ என்றே நிற்கிறது. அதனை ‘வேண்டும்’ என்று மாற்ற முயல்வோர் இன்றும் பிரசல்சின் கூடங்களில் உளர். சொல்லின் எடையை அறிந்தோர் கவிஞர்கள். ஒரு சொல்லுக்காக ஓரிரவு விழித்திருப்பது அவர்களுக்குப் புதிதன்று. ஒரு சொல்லுக்காக இருபதாண்டுகள் காத்திருப்போரை அவர்கள் புரிந்துகொள்வர் என்னும் நம்பிக்கையோடு இவ்வுரை நிறைவு பெறுகிறது. பத்தாண்டு கண்ட வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் காண்க.